வயலுக்கு வரும் ஊர்க் குப்பை: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

காவிரிப் பாசனப் பகுதியில் குப்பை என்பது இழிவான சொல் அல்ல. சித்திரை மாதத்தில் பாபநாசம் வட்டத்து விவசாயி ஒருவர் "வயலுக்குக் குப்பை அடிக்கிறேன்" என்று சொன்னால், அவர் எருவைத்தான் சொல்கிறார். மாட்டுக் கொட்டகைச் சாணம், மாடு கழித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய சருகு, சமையற்கட்டில் கழிந்த காய்த்தோல் எல்லாம் ஓராண்டு கொல்லைக் குழியில் கிடந்து மக்கி, வண்டியேறி வயலுக்குப் போகும். வீட்டில் கழிந்தது அநேகமாக எல்லாமே மண்ணிலிருந்து வந்த பொருள். ஆகவே அது மண்ணுக்கே திரும்பியது. உடைந்த தகரமும் பழைய இரும்பும் மட்டும் பேரீச்சம்பழக்காரர் கூடைக்குப் போயின.

இன்று அதே கொல்லையில் சேருவது வேறு. பால் பை, ஷாம்பு உறை, மாத்திரை அட்டை, பல்பு, பாட்டரி, குழந்தைக்குக் கட்டும் டயாபர் ஆகியவை காய்த்தோலோடு கலந்து கிடக்கின்றன. மாடுகள் குறைந்தன. எருக்குழிகள் பல தூர்ந்துவிட்டன. குழி இல்லாத வீட்டின் குப்பை வீதிக்கு வந்தது. வீதியில் எடுக்கத் தவறியது வாய்க்கால் கரைக்கு வந்தது. குடமுருட்டியும் திருமலைராஜனும் பாயும் இந்தப் பகுதியில் வாய்க்கால் கரையில் கொட்டியது கரையிலேயே நிற்பதில்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் ஊர் வந்து சேரும்போது, முதலில் வருவது நுரையும் பாலிதீன் பையும்தான். பை மதகில் சிக்கும்; அதன்மேல் ஆகாயத்தாமரை அண்டும்; முறைத் தண்ணீர் கடைமடைக்கு எட்டாது. ஊரார் வீட்டுக் குப்பை, கடைசி வயல்காரரின் நாற்றைக் காய வைக்கிறது.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. நகராட்சி, பேரூராட்சிகளில் மக்கும் குப்பையைப் பிரித்து எருவாக்கும் கூடங்கள் வந்துள்ளன. 'வளம் மீட்புப் பூங்கா' என்று பலகை வைத்த இடங்களில் தொட்டிகளில் குப்பை மக்குகிறது. ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாக வந்து பச்சைக் கூடை, சிவப்புக் கூடை என்று பிரித்து வாங்குகிறார்கள். இங்கே உண்டாகும் எருவை விவசாயிகளுக்குக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ கொடுக்க முன்வருகிறார்கள். தொழு உரம் கிடைக்காமல் தவிக்கும் சிறு விவசாயிக்கு இது நல்ல செய்திதான். ஆனால் ஒரு டிராக்டர் லோடு கெட்ட எருவை வயலில் கொட்டிவிட்டால், அதை மறுபடி அள்ளி எடுக்க முடியாது.

பிரிக்க வேண்டிய இடம் வீடுதான்

குப்பையிலிருந்து எரு செய்யும் முறை புதிதல்ல. ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, குப்பையையும் சாணத்தையும் அடுக்கி, அவ்வப்போது கிளறி மக்கவைக்கும் முறையை வகுத்தார். அது இந்தூர் முறை எனப்பட்டது. நம் விவசாயிகளும் சீனத்து விவசாயிகளும் காலங்காலமாகச் செய்து வந்ததையே அவர் ஒழுங்குபடுத்தினார். 1939-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி.என். ஆச்சார்யா நகரக் குப்பைக்கென்றே குழி முறை ஒன்றை உருவாக்கினார். அதில் கிளறும் வேலை இல்லை. குழியை மண்ணால் மூடி ஆறு முதல் எட்டு மாதம் விட்டுவிட வேண்டும். இரண்டு முறைகளும் பிளாஸ்டிக் இல்லாத காலத்துக் குப்பையை வைத்து வகுக்கப்பட்டவை. முறை கெட்டுப்போகவில்லை, குப்பைதான் மாறிவிட்டது.

தமிழ்நாட்டு வீட்டுக் குப்பையில் எடைக்கணக்கில் பாதிக்கு மேல் மக்கக்கூடியதே. சிக்கல் கலப்பதில் இருக்கிறது. குழம்புச் சட்டி கழுவிய மிச்சமும் செய்தித்தாளும் பால் பையும் ஒரே கூடையில் விழுந்தால் மூன்றுமே கெடும். ஈரம் பட்ட காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்கமாட்டார். எண்ணெயும் சோறும் ஒட்டிய பையைக் கழுவும் கூலிக்கு அதன் விலை காணாது. பைக்குள் முடிச்சுப் போட்ட காய்த்தோல் காற்றில்லாமல் அழுகி நாறுமே தவிர எருவாகாது. பிறகு கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து பொறுக்கினாலும், உடைந்த கண்ணாடித் துகளையும் கிழிந்த உறைத் துண்டையும் முழுக்க எடுக்க முடியாது. வீட்டில் இரண்டு நொடியில் முடியும் வேலை, கிடங்கில் இரண்டு நாளானாலும் முடியாது.

2016-ல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள், மக்குவது, மக்காதது, வீட்டில் உண்டாகும் அபாயப் பொருள் என்று மூன்றாகக் குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொன்னதன் காரணம் இதுவே. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. எருவைக் கெடுப்பதில் அதுதான் முதன்மையானது. பாட்டரியில் காட்மியம், ஈயம். குழல் விளக்கில் பாதரசம். பழைய பெயிண்டில் ஈயம். இவை எந்த நுண்ணுயிராலும் மக்காதவை. குப்பை மக்கி எடை குறையக் குறைய, எருவில் இவற்றின் அளவு கூடும். ஆண்டுதோறும் இட்டால் மண்ணில் சேரும். அதிலும் காட்மியத்துக்கு ஒரு குணம் உண்டு. வயலில் தண்ணீர் நிற்கும்போது அது மண்ணோடு ஒடுங்கிக் கிடக்கும். தண்ணீர் வற்றி வயல் காய்ந்தால் நெற்பயிருக்குள் எளிதில் ஏறும். கதிர் முற்றும் நேரத்தில் தண்ணீர் கிடைக்காத கடைமடை வயல்காரர் இதை நினைவில் வைத்தல் நலம்.

எருவைச் சோதிக்கும் விதம்

நகரக் குப்பை எருவுக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் தரம் குறிக்கப்பட்டுள்ளது. கார்பன் குறைந்தது 12 சதம் இருக்க வேண்டும். கார்பன், தழைச்சத்து விகிதம் 20-க்கு மேற்படக்கூடாது. கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருக்கலாம். ஈரம் 15 முதல் 25 சதம். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 4-க்கு மேற்படலாகாது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 4 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும். ஒரு கிலோ எருவில் ஈயம் 100 மில்லிகிராமுக்கும் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக்கூடாது. எரு தருபவரிடம் ஆய்வுச் சீட்டு இருக்கிறதா என்று கேட்பது விவசாயியின் உரிமை. சீட்டில் இந்த எண்கள் இருக்கின்றனவா, எந்தத் தேதியில் எடுத்த மாதிரி என்று பார்க்க வேண்டும். ஈயம், காட்மியம் இவற்றைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடம் ஒன்றே வழி.

மற்றவற்றை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். குவியலின் மேலிருந்து அள்ளாமல் நடுவிலும் அடியிலும் ஐந்தாறு இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். ஒரு கிலோ எடுத்து நிழலில் உலர்த்தி, 4 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே தங்குவதை எடை போட வேண்டும். 100 கிராமுக்கு மேல் தங்கினால் தரம் இல்லை. தங்கியதில் கண்ணாடி ஒரு துண்டு இருந்தாலும் அந்த லோடு நடவு வயலுக்கு வேண்டாம். நடவு நடும் பெண்கள் சேற்றில் கை விட்டு வேலை செய்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. அடுத்து, ஒரு பிடி எருவை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் உறைத் துண்டுகள் மிதக்கும், கண்ணாடியும் கல்லும் அடியில் தங்கும். நல்ல எரு கருமையாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். அழுகல் நாற்றமோ காடி நெடியோ வந்தால் மக்கவில்லை என்று அர்த்தம். குவியலுக்குள் கை விட்டால் சுடுகிறதா? அப்படியானால் வேலை இன்னும் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

சந்தேகம் தீரவில்லை என்றால், ஒரு சட்டியில் வயல் மண்ணும், மற்றொன்றில் பாதி மண் பாதி எருவும் இட்டு, இரண்டிலும் இருபது பயறு விதை ஊன்றிப் பார்க்கலாம். ஒரு வாரத்தில் எருச் சட்டியில் முளைப்புக் குறைந்தாலும், முளைத்தது கருகினாலும் அந்த எரு பயிருக்கு ஆகாது. உப்பு மிகுந்திருக்கலாம், அல்லது மக்காமல் இருக்கலாம்.

மக்காத எருவை நெல் வயலில் இட்டால் என்ன ஆகும்? அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். யூரியா போட்டும் பயிர் வெளுத்தே நிற்கும். தண்ணீர் நிற்கும் வயலில் காற்றில்லாமல் அழுகுவதால் மீத்தேனும், அழுகல் முட்டை நாற்றமுள்ள வாயுவும் உண்டாகி வேர் கறுத்துப்போகும். விவசாயி இதை நோய் என்று எண்ணி மருந்து வாங்கப் போவார்.

இன்னொரு வகை மண்ணும் இப்போது வருகிறது. பல்லாண்டுகளாகக் கொட்டிக் குவித்த கிடங்குகளைத் தோண்டி இயந்திரத்தால் சலித்துப் பிரிக்கிறார்கள். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கும்பகோணத்தில் கரிக்குளம் கிடங்கில் இந்த வேலை நடந்தது. இடம் மீண்டும் கிடைப்பதால் இது ஊருக்கு நன்மையே. ஆனால் சலிப்பில் இறங்கும் கறுப்பு மண்ணை எரு என்று எண்ணிவிடக்கூடாது. பாட்டரியும் பல்பும் பல மழையில் ஊறிய மண் அது. பள்ளம் மேடாக்க உதவலாம். ஆய்வு செய்து தேறினாலன்றி நெல்லுக்கும் கீரைக்கும் வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும், எதற்கு இடலாம்

ஒரு குடும்பத்தில் நாளொன்றுக்கு மக்கும் குப்பை ஒரு கிலோ சேர்வதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 365 கிலோ. மக்கிய பின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 130 முதல் 150 கிலோ எரு தேறும். நூறு வீடுள்ள தெருவில் 13 முதல் 15 டன். நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் அல்லது மக்கு உரம் பரிந்துரை. ஆக, ஒரு தெருக் குப்பை மூன்று ஏக்கருக்குத்தான் வரும். ஊர்க் குப்பையைக் கொண்டு ஊர் வயல் அனைத்துக்கும் எருவிட்டுவிடலாம் என்று மேடையில் பேசுவது கணக்குக்கு ஒத்துவராது. அந்த வேலைக்குத் தக்கைப்பூண்டும் கொளிஞ்சியும்தான் வேண்டும்.

ஆனால் நாற்றங்காலுக்கு இதே கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. 20 சென்ட் நாற்றங்காலுக்கு நன்கு மக்கிய எரு 1 டன் தேவை. ஒரு ஏக்கர் நடவுக்கு வேண்டிய நாற்றங்கால் 8 சென்ட், தஞ்சாவூர்க் கணக்கில் ஏறத்தாழ 24 குழி. அதற்கு 400 கிலோ எரு போதும். மூன்று வீட்டுக் குப்பை ஒரு ஏக்கர் நாற்றங்காலைக் காக்கும்! ஒரு மா, இரண்டு மா சாகுபடி செய்பவர் தம் வீட்டுக் குப்பையோடு பக்கத்து வீட்டுக் குப்பையையும் சேர்த்துக்கொண்டால் நாற்றங்காலுக்கு வெளியே எரு தேட வேண்டியதில்லை.

இயந்திர நடவு செய்வோருக்கு இது மேலும் பொருந்தும். பாய் நாற்றங்காலுக்கு மண் 70 பங்கு, நன்கு மக்கிய எரு 20 பங்கு, உமி 10 பங்கு என்று கலக்கிறோம். இதற்குச் சலித்த எரு கட்டாயம். உறைத் துண்டோ கல்லோ இருந்தால் பாய் கிழியும், இயந்திரத்தின் நடவு விரல்கள் மாட்டிக்கொள்ளும். கொல்லைக் கத்தரி, வாழை, வெற்றிலைக் கொடிக்கால் இவற்றுக்கும் வீட்டு எரு ஏற்றது.

கொல்லையில் எரு செய்ய

கோடையில் குழி, மழையில் மேடு என்பது காவிரிப் பகுதிக்கு ஏற்ற முறை. ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் உயர்ந்து குழியில் தண்ணீர் ஊறும். குப்பை மக்காமல் அழுகும். அந்த மாதங்களில் மேடான இடத்தில், கீற்றுக் கொட்டகையின் கீழ், நான்கடி அகலத்துக்குக் குவியலாகப் போட வேண்டும். கோடையில் மூன்றடி அகலம், மூன்றடி ஆழம், வசதிப்படி நீளம் வைத்துக் குழி எடுக்கலாம்.

அரையடிக்குச் சமையற்கட்டுக் குப்பை, அதன்மேல் நறுக்கிய வைக்கோல் அல்லது சருகு, அதன்மேல் சாணக் கரைசல், பிறகு மெல்லிய படையாக மண் என்று அடுக்கவும். பச்சைக் குப்பை மட்டும் போட்டால் சொதசொதவென்று நாறும். வைக்கோல் மட்டும் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டும் கலக்க வேண்டும். தினமும் போடும் குப்பையை மண் தூவி மூடினால் ஈயும் எலியும் வாரா. மீன் செதிலைக் குவியலின் நடுவில் புதைக்கவும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியலாம். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் கசிந்தால் சரி, ஒழுகினால் அதிகம். பதினைந்து நாளுக்கொரு முறை கிளறிவிட வேண்டும்.

சாணம் இல்லாதவர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோ மினரலைசர் என்ற நுண்ணுயிர்க் கலவையை 1 டன் குப்பைக்கு 2 கிலோ வீதம் 20 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு டன் சேராது. ஐந்தாறு வீட்டார் சேர்ந்து ஒரு குழி வைத்துக்கொண்டால் இது கட்டுபடியாகும்.

மக்காதவை எங்கே போவது

கழுவி உலர்த்திச் சாக்கில் சேர்த்துவைத்த காகிதம், அட்டை, கெட்டிப் பிளாஸ்டிக், தகரம், புட்டி எல்லாவற்றுக்கும் பழைய சாமான் கடையில் விலை உண்டு. விலை இருக்கும் பொருள் வாய்க்காலுக்குப் போவதில்லை. நீலகிரி மாவட்டத்தில் 2022-ல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் மதுப் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரும் ஏற்பாடு வந்தது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. காட்டிலும் கழனியிலும் உடைந்து கிடந்த புட்டிகள் இதனால் கடைக்குத் திரும்பின. வரப்பில் காலில் கண்ணாடி குத்திப் படுத்தவர்களுக்கு இந்தப் பத்து ரூபாயின் அருமை தெரியும்.

விலை இல்லாதது மெல்லிய பையும் உறையும்தான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. தடை இருந்தும் சந்தையில் பை நிற்கவில்லை என்பதை எவரும் அறிவர். சேர்ந்துவிட்ட மெல்லிய பிளாஸ்டிக்கைத் துகளாக்கித் தாரோடு கலந்து சாலை போடும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கினார், 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சிமெண்ட் ஆலைச் சூளைகளிலும் இதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். எப்படியானாலும் உலர்ந்து, பிரிந்து, ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குத் தூய்மைக் காவலரிடம் தனிச் சாக்கில் கொடுப்பதே வழி. கொல்லையில் கொளுத்துவது கூடாது. அந்தப் புகை முதலில் போவது அடுப்படிக்கும் தொட்டிலுக்கும்தான். சாம்பலும் எருக்குழிக்கு ஆகாது.

மாடு வைத்திருப்பவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். உப்பும் சோறும் ஒட்டிய பையை மாடு பையோடு விழுங்கும். முதல் வயிற்றில் அது செரிக்காது, வெளியேயும் வராது. நாளடைவில் பந்தாகத் திரளும். மாடு அசைபோடுவதைக் குறைக்கும், வயிறு உப்பும், பால் வற்றும், இளைத்துக்கொண்டே போகும். அறுவை செய்துதான் எடுக்க முடியும். பால் சொசைட்டிக்கு ஊற்றிப் பிழைக்கும் குடும்பத்தில் ஒரு மாடு போவது சிறிய இழப்பல்ல. மிஞ்சிய சோற்றைப் பையில் கட்டி வீதியில் எறியாமல் இருந்தாலே இது நேராது.

வயல் வேலையிலேயே உண்டாகும் குப்பையும் இருக்கிறது. அதற்குப் பேரூராட்சியைக் குறை சொல்ல முடியாது. காலியான பூச்சிமருந்துப் புட்டியை வரப்பிலோ வாய்க்காலிலோ எறிவதும், கழுவி வீட்டில் எண்ணெய் ஊற்றி வைப்பதும் இரண்டும் ஆபத்து. மருந்து கலக்கும்போதே புட்டியை மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட வேண்டும். மருந்தும் வீணாகாது. பிறகு புட்டியின் அடியில் ஓட்டை போட்டு, குழந்தைகளும் மாடும் அண்டாத இடத்தில் தனிச் சாக்கில் சேர்க்கவும். இதை வீட்டுக் குப்பைக் கூடையிலும் எருக்குழியிலும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. எங்கே ஒப்படைப்பது என்பதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

விவசாயிகள் சேர்ந்து கேட்டால்

ஊர்க் குப்பை பிரிந்து வர வேண்டுமானால், பிரித்து உண்டான எருவுக்கு வாங்குவோர் இருக்க வேண்டும். கூடத்தில் எரு தேங்கிக் கிடந்தால் அங்கே வேலை செய்பவர்களுக்கும் அக்கறை குறையும், பிரித்துக் கொடுக்கும் இல்லத்தரசிக்கும் சலிப்பு வரும். பத்துப் பதினைந்து விவசாயிகள் உழவர் குழுவாகப் பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ சென்று, "சலித்த எரு, ஆய்வுச் சீட்டோடு, சித்திரைக்குள் இத்தனை டன் எடுத்துக்கொள்கிறோம், கண்ணாடி இருந்தால் லோடைத் திருப்புவோம்" என்று எழுதிக் கொடுக்கலாம். கிராமசபைக் கூட்டத்திலும் இதை வைக்கலாம். இலவசம் என்பதற்காகச் சோதிக்காமல் வாங்கினால், பிரிக்காத குப்பையே தொடர்ந்து வரும்.

முதல் ஆண்டு எருவை முழு வயலுக்கும் இடாமல் 10 குழி அளவுக்கு இட்டு, பக்கத்துப் பத்துக் குழியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. எரு இடுமுன் வயல் மண்ணையும் ஒரு முறை பரிசோதித்துச் சீட்டைப் பத்திரப்படுத்தினால், பின்னால் மாற்றம் தெரியும்.

குறுவை நாற்றங்காலுக்கு எரு வேண்டுவோர், தை அறுவடை முடிந்து களம் ஒழிந்ததும் மாசி முதல் வாரத்தில் குவியல் போட வேண்டும். நான்கைந்து முறை கிளறினால் சித்திரைக் கடைசியில் மக்கிவிடும். நிழலில் பரப்பி ஈரம் தணிந்த பின் சலித்து, சாக்கில் கட்டிக் கொட்டகையில் வைத்துக்கொண்டால், வைகாசியில் விதை விடும்போது எரு கைவசம் இருக்கும். சல்லடையில் தங்கிய காம்பும் ஓடும் அடுத்த குவியலின் அடிப்படைக்கு ஆகும்.